பிரெஞ்சு வகுப்புக்கு யார் வீட்டுப் பிள்ளை போகிறது?

ரொறன்ரோவில் உங்கள் பிள்ளையை ஐந்து வயதில், பாடங்களைப் பிரெஞ்சிலேயே படிப்பிக்கும் பிரெஞ்சு இமர்ஷன் வகுப்பில் சேர்க்க ஒரு சதம்கூடச் செலவில்லை. பரீட்சை இல்லை, நேர்முகம் இல்லை, நன்கொடை இல்லை, யாருடைய சிபாரிசுக் கடிதமும் வேண்டாம். ஊரில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் முதலாம் வகுப்புக்கு இடம் எடுக்க அப்பா அம்மா ஏறி இறங்கிய வாசல்களின் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது நம்பவே கஷ்டமான விஷயம். பெற்றோருக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை, வீட்டில் பிரெஞ்சு இல்லாத பிள்ளைகளுக்காகவே உண்டான திட்டம் அது. சரி, அப்படியென்றால் நகரத்தின் எல்லாச் சனத்தின் பிள்ளைகளும் அந்த வகுப்பில் கலந்து இருக்க வேண்டும்தானே? இல்லை. ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை 2010இல் தன்னுடைய மாணவர்களின் குடும்பப் பின்னணியைத் தானே ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. இமர்ஷன் பிள்ளைகள் பெரும்பாலும் வருமானம் கூடிய வீட்டிலிருந்து, பல்கலைக்கழகம் போன பெற்றோரிடமிருந்து வருகிறார்கள் என்றது அது. ஸ்காபரோவில் பிள்ளை வளர்க்கும் யாருக்கும் இதை அறிக்கை சொல்லித் தெரிய வேண்டியதில்லை, காலையில் எந்தப் பள்ளிக்கூட வாசலில் எந்தக் கார் நிற்கிறது என்று பார்த்தாலே போதும்.

என் மகள் அந்த வகுப்பில் படித்தவள்தான். அதனால் இதை வெளியே நின்று கல் எறிகிற ஆளாக எழுதவில்லை.

இமர்ஷன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: பிள்ளை எஸ்.கே. வகுப்பில், அதாவது பாலர் வகுப்பின் இரண்டாம் வருடத்தில், நுழைந்த நாளிலிருந்து ஆசிரியர் பிரெஞ்சில்தான் கதைப்பார். கணக்கு, படம் கீறுவது, கோட்டைக் கழற்றிக் கொளுவுவது எல்லாமே பிரெஞ்சில் நடக்கும். ரொறன்ரோவில் 4ஆம் வகுப்பு வரும்போதுதான் ஆங்கிலம் ஒரு பாடமாக உள்ளே வரும். சாதாரண ஆங்கில வகுப்புப் பிள்ளைக்கு, ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் 4ஆம் வகுப்பிலிருந்து 9 வரை பிரெஞ்சு ஒரு கட்டாயப் பாடம், அவ்வளவுதான். அந்தப் பாடத்தைப் படித்து முடித்த பெரிய பெடியன்களிடம் கேட்டுப் பாருங்கள், கிழமை நாட்களின் பெயரைச் சொல்லுவார்கள், மாதங்களைப் பாட்டாகப் பாடுவார்கள், கழிவறைக்குப் போக அனுமதி கேட்பார்கள். 2021 குடிசன மதிப்பீட்டின்படி கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இரண்டும் கதைக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர். பிரெஞ்சு பெரும்பான்மையான கியூபெக் மாகாணத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 10 பேர்கூட இல்லை.

இந்தத் திட்டம் தொடங்கிய கதையில் ஏழைகள் யாரும் இல்லை. மொன்றியலுக்கு எதிர்க்கரையில், சென் லோறன்ஸ் ஆற்றின் தெற்கே, சென் லாம்பேர் என்று ஒரு சின்ன நகரம். அங்கே இருந்த நடுத்தர வர்க்க ஆங்கிலப் பெற்றோர் சிலர், முன்னுக்கு நின்றவர்கள் தாய்மார், 1963இல் கூடிப் பேசத் தொடங்கினார்கள். கியூபெக்கில் பிரெஞ்சுக்காரர் அரசியலிலும் தொழிலிலும் எழும்பி வருகிற காலம் அது. தங்கள் பிள்ளைகள் இப்படியே ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களாக வளர்ந்தால் இந்த மண்ணில் இனி இடமில்லை என்று அந்தத் தாய்மாருக்கு விளங்கிவிட்டது. கல்விச் சபை முதலில் அசையவில்லை. அவர்கள் பத்திரிகைக்குப் போனார்கள், மக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போய் உளவியல் பேராசிரியர் வாலஸ் லாம்பேர்ட்டைப் பிடித்தார்கள், மூளை அறுவைச் சிகிச்சையில் உலகப் புகழ் பெற்றிருந்த வைல்டர் பென்ஃபீல்டின் ஆதரவையும் வாங்கினார்கள். 1965 செப்டம்பரில் முதல் இமர்ஷன் வகுப்பு தொடங்கியது. எனக்கு அந்தப் பெண்கள் மேல் நிரம்ப மரியாதை உண்டு. ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள், தன் பிள்ளைக்கு ஒரு வகுப்பு வேண்டும் என்று பேராசிரியரையும் மூளை வைத்தியரையும் தேடிப் போகத் தெரிந்த, போனால் அவர்கள் கதவைத் திறப்பார்கள் என்று நம்பிக்கை இருந்த தாய்மார் அவர்கள். அந்தப் பிறவிக்குணம் திட்டத்தை விட்டு இன்றுவரை போகவில்லை.

இதே லாம்பேர்ட் அதற்கு மூன்று வருடம் முந்தி, 1962இல், எலிசபெத் பீல் என்ற மாணவியோடு சேர்ந்து செய்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அதுவரை பல பத்து வருடங்களாக ஒரு நம்பிக்கை ஊன்றிப் போயிருந்தது: இரண்டு மொழியோடு வளரும் பிள்ளைக்கு மூளை குழம்பும், அறிவுச் சோதனைகளில் புள்ளி குறையும் என்று. ஆதாரமாக ஆய்வுகள் வேறு காட்டினார்கள். அந்த ஆய்வுகளில் இருமொழிப் பிள்ளைகள் என்று எடுக்கப்பட்டவர்களில் அநேகம் பேர் வறிய குடியேறிகளின் பிள்ளைகள். ஒருமொழிப் பிள்ளைகள் வசதியான வீட்டார். வறுமை இழுத்து விழுத்திய புள்ளியை மொழியின் கணக்கில் எழுதிவிட்டார்கள். பீலும் லாம்பேர்ட்டும் மொன்றியலில் பத்து வயதுப் பிள்ளைகளை எடுத்து, குடும்ப வசதி ஒரே அளவாக இருக்கும்படி பார்த்து ஒப்பிட்டபோது கதை தலைகீழானது, இருமொழிப் பிள்ளைகள் முன்னுக்கு நின்றார்கள். (அந்த ஆய்விலும் நன்றாக இரண்டு மொழி வந்த பிள்ளைகளைத்தான் பொறுக்கி எடுத்தார்கள் என்று பிறகு குறை சொன்னார்கள், அதுவும் நியாயமான குறைதான்.)

இன்றைக்கு அந்தக் கணக்கை மறுபக்கமாகப் பிழை விடுகிறோம். இமர்ஷன் பிள்ளைகள் கெட்டிக்காரர், வகுப்பில் சத்தம் இல்லை, எல்லாரும் நன்றாக வாசிக்கிறார்கள், ஆகவே பிரெஞ்சு மூளைக்கு நல்லது என்று கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு மேசையில் இருந்து சொல்லுவார்கள். பிரெஞ்சு நல்லதுதான். ஆனால் அந்த வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கு இரவில் கதைப் புத்தகம் வாசிக்க ஓர் ஆள் வீட்டில் இருக்கிறது, சனிக்கிழமை நீச்சலுக்குக் கொண்டுபோக கார் இருக்கிறது. அந்தப் பங்கை யார் கணக்கில் எழுதுவது?

காசு கேட்காத ஒரு வகுப்பு எப்படி ஆட்களைப் பிரிக்கிறது என்பதைக் கிட்ட இருந்து பார்த்ததால் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன்.

முதலாவது, தெரிய வேண்டும். பிள்ளை ஜே.கே., அதாவது பாலர் வகுப்பின் முதல் வருடம், படிக்கும்போதே அடுத்த வருட எஸ்.கே.க்கு விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் இணையத்தில், குறிப்பிட்ட திகதிக்குள். எனக்கு இதைச் சொன்னது பள்ளிக்கூடம் இல்லை. வேலையிடத்தில் பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண், என் மகளுக்கு எத்தனை வயது என்று சும்மா கேட்டுவிட்டு, "விண்ணப்பம் போட்டாச்சுத்தானே?" என்றார். அவர் போட்டிருந்தார், அவருடைய தங்கை போட்டிருந்தார், அவர்கள் தெருவில் பாதிப் பேர் போட்டிருந்தார்கள். நான் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிற ஆளாக இருந்ததால் அந்தக் கேள்வி என்னிடம் வந்தது. இரவு ஷிப்டில் பெட்டி அடுக்குகிறவரிடம் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்குகிறவர் இதைக் கேட்கப் போவதில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. பள்ளிக்கூடம் இணையத்தளத்தில் போடுகிறது, தாள் அனுப்புகிறது, கூட்டம் வைக்கிறது, எல்லாம் உண்மை. கூட்டம் மாலை ஆறரைக்கு. எங்கள் தமிழ் ஆட்களில் பாதிப் பேர் வேலைக்குக் கிளம்புகிற நேரம் அது.

இரண்டாவது, தூரம். ரொறன்ரோவில் நேரத்துக்கு விண்ணப்பித்த பிள்ளைக்கு இடம் உண்டு, எந்தப் பள்ளிக்கூடம் என்பதைத்தான் சபை தீர்மானிக்கும். வீட்டுக்குக் கீழே இருக்கிற பள்ளிக்கூடத்தில் இமர்ஷன் இல்லாவிட்டால் பிள்ளை பஸ்ஸில் போக வேண்டும். அவ்வளவு சின்னப் பிள்ளையை பஸ்காரர் தெருவில் இறக்கிவிட்டுப் போகமாட்டார், தரிப்பிடத்தில் பெரியவர் ஒருவர் நின்று வாங்க வேண்டும், பஸ் நேரத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும். இரண்டு பேரும் வேலை, இரண்டு பேருக்கும் மாறி மாறி ஷிப்ட், அம்மம்மா ஊரில். இந்த வீட்டுக்குப் பிரெஞ்சு இலவசம் என்று எப்படிச் சொல்ல முடியும்? மற்ற ஊர்களில் வேறு மாதிரி. ரொறன்ரோவுக்கு மேற்கே பீல் பகுதியில் இடத்தை மட்டுப்படுத்திவிட்டுக் குலுக்கல் போடுகிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சில இடங்களில் முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்று வைத்து, பெற்றோர் இரவிரவாகக் கூடாரம் அடித்து வரிசையில் கிடந்த காலமும் உண்டு. அடுத்த நாள் வேலைக்கு லீவு எடுக்கக்கூடிய ஆட்கள்தான் இரவில் வரிசையில் கிடப்பார்கள்.

மூன்றாவதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். நாங்கள் முன்பு இருந்த மாடிக்கட்டடத்தில் ஓர் அக்கா இருந்தார். அவருடைய மகன் இங்கேயே பிறந்தவன், வீட்டில் தமிழ், வெளியில் ஆங்கிலம், எல்லாம் கலந்து கதைப்பான், நல்ல வாயாடி. அவர் எப்படியோ கேள்விப்பட்டு, துணிந்து போய் இமர்ஷன் பற்றி வகுப்பு ஆசிரியையிடம் கேட்டிருக்கிறார். "வீட்டில் வேறு மொழி என்றபடியால் முதலில் ஆங்கிலம் உறுதியாகட்டும், மூன்றாவது மொழி பிள்ளைக்குப் பாரமாக இருக்கும்" என்று பதில் வந்தது. "ரீச்சர் சொன்னால் யோசிச்சுத்தானே சொல்லுவா, தம்பி" என்றார் என்னிடம். ஆசிரியை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் 1962இல் ஆட்டம் கண்ட அந்தப் பழைய நம்பிக்கைதான் இன்னமும் அன்பான குரலில் ஜே.கே. வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறது. உண்மையில் ஆய்வுகள் சொல்வது வேறு. எழுபதுகளிலேயே மொன்றியலில் தொழிலாளர் குடும்பப் பிள்ளைகளை இமர்ஷனில் வைத்துப் பார்த்தார்கள், அவர்களுக்கும் பொருந்தும் என்றுதான் முடிவு வந்தது. மக்கிலில் பிரெட் ஜெனிசி இதையே பல கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார். ஒன்ராறியோவில் காலி மேடி என்ற ஆய்வாளர் 6ஆம் வகுப்பு இமர்ஷன் பிள்ளைகளைப் பார்த்தபோது, வீட்டில் வேறு மொழி கதைக்கும் குடியேறிப் பிள்ளைகள் பிரெஞ்சில் பின்தங்கவில்லை, முன்னுக்கு நின்றார்கள். ஏற்கெனவே இரண்டு மொழியோடு ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு மூன்றாவது எப்படிப் பாரமாகும்?

இந்த இடத்தில் மொன்றியலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எங்கள் சனத்தை வைத்து அங்கே வேறொரு பரிசோதனை நடந்தது. 1977இல் கியூபெக் அரசு 101ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டு வந்தது. புதிதாக வந்து குடியேறுகிறவர்களின் பிள்ளைகள் அரச பள்ளிக்கூடத்தில் உயர்நிலை முடியும்வரை பிரெஞ்சில்தான் படிக்க வேண்டும். எண்பதுகளில் அகதியாக வந்து இறங்கிய தமிழருக்கு அந்தச் சட்டத்தின் அரசியல் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. கோத் தே நேஜ் பக்கம் ஒரு அறைக்குள் பல பேராக இருந்து, சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவினவர்களின் பிள்ளைகள், புதிதாக வந்தவர்களுக்கென்று இருந்த தனி வகுப்பில் சேர்ந்து, பிறகு சாதாரண பிரெஞ்சு வகுப்புக்குப் போனார்கள். ஆங்கிலம் தெருவிலும் தொலைக்காட்சியிலும் தானாக வந்தது. தமிழ் வீட்டிலும் கோயிலிலும் இருந்தது. என் மச்சாள் ஒருத்தி அங்கேதான். அவளுடைய மூன்று பிள்ளைகளும் மூன்று மொழியில் சண்டை பிடிப்பார்கள். அவள் பிஸ்கற் பக்டரியில் வேலை செய்தவள், பாடசாலைக் கடிதம் வந்தால் மூத்தவன்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். எப்படிச் சமாளித்தாய் என்று ஒருமுறை கேட்டேன். "எங்களிட்ட ஆர் கேட்டது? கொண்டுபோய் இருத்திவிட்டாங்கள், பிள்ளையள் படிச்சுதுகள்" என்றாள்.

அது பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சட்டம் ஏழைகளுக்குச் சமவாய்ப்புக் கொடுக்க வந்ததில்லை, பிரெஞ்சைக் காப்பாற்ற வந்தது. இடையில் படிப்பை விட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள், பிரெஞ்சும் சரியாக வராமல் தமிழும் போய் நின்றவர்களும் இருக்கிறார்கள். சென் லாம்பேர் பிள்ளையிடமிருந்து யாரும் ஆங்கிலத்தைப் பறிக்கவில்லை, அது நாடு முழுக்க அவனுக்காகக் காத்திருந்தது. அகதிப் பிள்ளையின் தமிழுக்கு அப்படி ஒரு காவல் இல்லை. ஒன்றின் மேல் இன்னொன்று சேர்வதும், ஒன்றைத் தள்ளிவிட்டு இன்னொன்று உட்காருவதும் ஒன்றல்ல என்று லாம்பேர்ட்டே பிறகு பிரித்துச் சொன்னார். ஆனாலும் ஒரு விஷயம் கண்முன்னே நிற்கிறது. ஒரே ஊரிலிருந்து, சில வேளை ஒரே குடும்பத்திலிருந்து வந்த இரண்டு பேரில், மொன்றியலில் இறங்கினவரின் பிள்ளைக்குத் தாயின் கல்வியோ தகப்பனின் ஷிப்டோ பாராமல் பிரெஞ்சு கிடைத்தது. ரொறன்ரோவில் இறங்கினவரின் பிள்ளைக்குப் பெற்றோருக்கு என்ன தெரியும், யாரைத் தெரியும் என்பதைப் பொறுத்துக் கிடைத்தது. எங்களுக்குத் தெரிவுச் சுதந்திரம் இருந்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. மத்திய அரசு வேலைகளில் நூற்றுக்கு 40 அளவுக்கு இரண்டு மொழியும் கேட்கிறார்கள், மேலே ஏற ஏற அது கட்டாயம் மாதிரி. (இரண்டு மொழியும் தெரிந்த அரச ஊழியருக்கு வருடத்துக்கு 800 டொலர் மேலதிகமாகக் கொடுக்கிறார்கள். 1977இலிருந்து அதே 800தான், ஒரு சதம் ஏறவில்லை, அது வேறு கதை.)

எங்கள் ஆட்களிடம் இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பேசாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. வீடு வாங்கி ரொறன்ரோவுக்கு வெளியே மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் போன தமிழ்ப் பெற்றோர் நிறையப் பேர் இப்போது இமர்ஷனுக்கு ஆர்வமாகப் போகிறார்கள். ஏன் என்று கேட்டால் முதலில் மொழி என்பார்கள். கொஞ்ச நேரம் கதைத்தால் "அங்கே பிள்ளைகள் நல்ல மாதிரி" என்று வரும். யார் பிள்ளைகளிடமிருந்து தன் பிள்ளையைத் தள்ளி வைக்கப் பார்க்கிறார் என்பதை அவர் சொல்லமாட்டார், கேட்கிறவரும் கேட்கமாட்டார். ஒரே கட்டடத்துக்குள் ஆங்கில வகுப்பும் இமர்ஷனும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் பள்ளிக்கூடங்களில் இது வெளிச்சமாகத் தெரியும். புதிதாக வந்த பிள்ளை, வாசிப்பில் இடறுகிற பிள்ளை, மேலதிக உதவி தேவைப்படுகிற பிள்ளை எல்லாரும் ஆங்கிலப் பக்கம். இமர்ஷனில் இருக்கிற பிள்ளை இடறினாலும், உதவி இங்கே குறைவு என்று சொல்லி மெல்ல அந்தப் பக்கம் அனுப்பிவிடுவார்கள். என் மகளின் வகுப்பு ஒவ்வொரு வருடமும் சுருங்கியது, போனவர்கள் யார் யார் என்று அவளுக்கே தெரியும். அந்த ஆங்கில வகுப்பு ஆசிரியைக்கு இமர்ஷன் ஆசிரியையை விட இரண்டு மடங்கு வேலை. சம்பளம் ஒன்றுதான்.

நியூ பிரன்சுவிக் மாகாணம் இதைச் சொல்லியே 2008இல் ஆரம்ப இமர்ஷனை நிறுத்தப் பார்த்தது. இமர்ஷன் வசதியான பிள்ளைகளை உறிஞ்சி எடுத்துவிடுகிறது, மிச்ச வகுப்பு தாங்காது என்று அங்கே பேராசிரியர் டக் வில்ம்ஸ் கணக்குக் காட்டி எழுதினார். பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள், வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் அந்த முடிவை இரத்துச் செய்தது. பிறகு 3ஆம் வகுப்பில் தொடங்கலாம் என்றார்கள், 2017இல் மீண்டும் 1ஆம் வகுப்புக்கே கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு இன்னோர் அரசு வந்து, இமர்ஷனே வேண்டாம், எல்லாப் பிள்ளைக்கும் பாதி நாள் பிரெஞ்சு என்றது. மறுபடி எதிர்ப்பு, 2023 பெப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள். வில்ம்ஸ் காட்டிய நோய் உண்மை என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் எல்லாருக்கும் கொடுக்க முடியவில்லை என்பதற்காக இருக்கிறதையும் பிடுங்குகிற மருந்து எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படிச் செய்தால் வசதியான பெற்றோர் தனியார் வகுப்பு, கோடை முகாம் என்று வேறு வழி தேடிக்கொள்வார்கள். மாடிக்கட்டட அக்காவுக்கு இருந்த ஒரே வழியும் அடைபடும்.

என் ஆசை சின்னது. தனி இணையப் படிவம், தனித் திகதி எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, பிள்ளையை ஜே.கே.யில் பதியும் அதே தாளில், அதே மேசையில், பிரெஞ்சா ஆங்கிலமா என்று எல்லாப் பெற்றோரிடமும் கேட்கட்டும். தமிழ், உருது, மண்டரின், தகாலொக் மொழிகளில் கேட்கட்டும். வீட்டு மொழியைக் காட்டி யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று எழுத்தில் போடட்டும். புதுப் பிரெஞ்சு வகுப்பு திறப்பதென்றால் மாடிக்கட்டடங்கள் நிற்கிற சந்திகளில் முதலில் திறக்கட்டும். பிரெஞ்சு ஆசிரியர் தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் இருக்கிற ஆசிரியர் எந்தத் தெருப் பள்ளிக்கூடத்துக்கு முதலில் போகிறார் என்பது யாரோ எடுக்கிற முடிவு.

அதுவரைக்கும் விண்ணப்பக் காலம் வரும்போது எங்கள் ஊர்ச் சங்கத்து வட்சப் குழுவில் திகதியையும் இணைப்பையும் தமிழில் எழுதிப் போடுகிறேன். ஒருமுறை போட்ட கொஞ்ச நேரத்தில், குழுவில் இருக்கிற ஒருவர் தனியாக எனக்குச் செய்தி அனுப்பினார். நன்றாகப் படித்தவர், நல்ல மனிதர். "அண்ணை, எல்லாருக்கும் ஏன் சொல்லுறியள்? பிறகு எங்கட பிள்ளைக்குக் கிட்டப் பள்ளிக்கூடம் கிடைக்காமல் போகும்." நான் அவருக்குப் பதில் எழுதவில்லை. குழுவில் பஸ் தரிப்பிட விபரத்தையும் சேர்த்துப் போட்டேன்.